அம்மன் அனுமதித்த மளிகைச் சாமான்

எனக்குக் கோதுமை ஆகாது என்று கண்டுபிடிப்பதற்குள் எங்கள் தெருவில் எனக்கு வளைகாப்பு வரை பேசி முடித்துவிட்டார்கள். வயிறு அப்படி உப்பியிருந்தது. பெங்களூர் மர்பி டவுனில் புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்கு வயிறு உப்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எதிர் வீட்டு அக்கா மாங்காய் கொண்டுவந்து கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன். தானாக வருவதை ஏன் விட வேண்டும்? மாதங்கள் போயும் பிள்ளை வராமல், வயிறு மட்டும் உப்புவதும் வற்றுவதுமாக இருக்கவே மாங்காய் நின்றுபோனது. பேச்சு நிற்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நான் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கணவர் ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார். வீட்டில் நாங்கள் இருவரும், அவருடைய அம்மாவும், அதாவது என் அத்தையும். எதைச் சாப்பிட்டாலும் எனக்கு வயிற்றால் போகும், போகாத நாளில் வலிக்கும். பில் போடும்போதே கண் இருட்டிக்கொண்டு வரும். சீப்பை எடுத்தால் முடி கொத்தாக வந்தது. பூச்சி மாத்திரை தின்றேன், கீழாநெல்லி அரைத்துக் குடித்தேன், திருஷ்டி கழித்து மிளகாய் சுற்றிப் போட்டார்கள். மிளகாய் வெடித்ததில் தெருவே இருமியது, என் வயிறு மட்டும் அசையவில்லை.

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வடக்கத்தி டாக்டர் ஒருவர் தொண்டை வழியாகக் குழாயை விட்டு, குடலிலிருந்து துளிச் சதை எடுத்துப் பரிசோதித்து, இது சீலியாக் என்றார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற பொருள் என் குடலுக்கு ஆகாதாம், உள்ளே போனால் குடலே புண்ணாகிறதாம். அதற்கு மருந்து கிடையாது, கோதுமை, மைதா, ரவை எதையும் வாழ்நாள் முழுக்கத் தொடக் கூடாது, மாவுத் தூசி பட்டால்கூடக் கெடுதல் என்றார். சப்பாத்தி கூடாது, பிரெட் கூடாது, பிஸ்கெட் கூடாது என்று விரல் மடக்கிக்கொண்டே போனார். அவருக்குத் தெரிந்த சாப்பாடு அதுதான். எங்களுக்கும் மறுகேள்வி கேட்கத் தோன்றவில்லை.

சப்பாத்தி போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் துக்கமெல்லாம் காரா பன் மேல்தான். வெங்காயமும் பச்சைமிளகாயும் கொத்தமல்லியும் பிசைந்து சுட்ட அந்த பன்னையும், கூடவே ஒரு முட்டை பப்ஸையும் வாங்கி, பேக்கரி வாசலில் நின்றபடியே தின்றுவிட்டுத்தான் நான் தினமும் பஸ் ஏறுவேன். பேக்கரிக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே காகிதத்தைக் கிழிப்பார். இது ஊருக்கே தெரியும். பின்னால் எனக்கு வினையானதும் இதுதான்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு என் மேல் கோபம் வந்தால் அல்சூர் ஏரி வரை கேட்கும், பாசம் வந்தாலும் அதே சத்தம்தான். டாக்டர் சொன்ன அன்றே வீட்டிலிருந்த கோதுமை மாவு, ரவை, சேமியா எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டார். சப்பாத்திக் கட்டை பழைய சாமான்காரனிடம் போனது. ராகி அரைக்க மில்லுக்குப் போனால், காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நிற்பார். வேறு யாருடைய கோதுமையும் மெஷினில் விழுவதற்கு முன்னால் எங்கள் ராகி விழ வேண்டும். யாராவது முந்திக்கொண்டால், "என் மருமக கொடலு போச்சுன்னா நீ வந்து தெச்சுக் குடுப்பியா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே எல்லோரும் வழிவிட்டார்கள்.

பிஸ்கெட் பாக்கெட்டோடு வந்த விருந்தாளிகள் அதை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வர வேண்டியிருந்தது. என் கணவர் வெளியில் பரோட்டா தின்றுவிட்டு வந்தால், "வாய் கொப்புளிச்சிட்டு உள்ள போ" என்று அத்தை வாசலில் சொம்போடு நிற்பார். எதற்கு என்று அவர் விளக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இவர் மட்டும் காது சிவக்க நாலு தரம் கொப்புளிப்பார்.

இவ்வளவு காவலுக்கும் என் வயிறு மசியவில்லை. கொஞ்சம் தேறினேன், அதோடு சரி. வாரத்தில் பாதி நாள் பழைய கதைதான். வலி வந்ததும் அத்தை அரக்கப்பரக்கச் செய்வது ஒன்றுதான். மோரைக் கடைந்து, உப்புப் போட்டு, பெருங்காயத்தூளை மட்டும் தாராளமாகத் தட்டி, ஒரு பெரிய டம்ளரில் கொண்டுவந்து நீட்டுவார். "ஒரே மூச்சுல குடி. வயித்துல இருக்கற வாயுவெல்லாம் ஓடிப்போயிடும்" என்பார். நம் ஊரில் வயிற்று வலிக்குப் பெருங்காயத்தை விட வேறு என்ன மருந்து இருக்கிறது? நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பேன். மறுநாள் இன்னும் மோசமாகும். மறுநாள் இன்னும் பெரிய டம்ளர் வரும்.

திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வெளியே ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று இங்கிலீஷில் கேட்டார். நான் இல்லை என்றேன். என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் காரா பன் இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. எத்தனை நாள் அந்த பேக்கரியைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன்! வீட்டில் அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். வேலை முடிந்து வந்தால் அத்தை என் கைப்பையை வாங்கி வைக்கும் சாக்கில் விரல்களை மோந்து பார்ப்பார். "வெண்ண வாசன வர்ற மாதிரி இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். ஒரு நாள் பேக்கரிக்காரரிடமே போய் விசாரித்திருக்கிறார். அவர் பாவம், நான் வருவதே இல்லை என்று உண்மையைச் சொல்ல, "நீ வியாபாரி, அப்படித்தான் சொல்லுவ" என்று திட்டிவிட்டு வந்திருக்கிறார். கடையிலும் மேனேஜர், இப்படியே லீவு போட்டால் அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உடம்பும் போய், வேலையும் போய், திருட்டுத் தீனிக்காரி என்ற பெயர் மட்டும் மிஞ்சும்போல இருந்தது. எனக்கு உடம்பு தேற வேண்டும், அதைவிட அந்தப் பெயர் போக வேண்டும்.

உட்கார்ந்து யோசித்தேன். நான் வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மதியச் சாப்பாடும் வீட்டு டிபன் பாக்ஸ்தான். அப்படியென்றால் கோதுமை எங்கள் சமையலறையிலிருந்துதான் வருகிறது. இதை எப்படிச் சொல்வது? எனக்காக மில் வாசலில் தவம் கிடக்கும் மனுஷியிடம், "அத்தை, உங்க சாப்பாடுதான் எனக்கு விஷம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் சண்டை என்று ஒரு பயம், அழுதுவிடுவார் என்று அதைவிடப் பெரிய பயம்.

அப்போதுதான் ஆடி பிறந்தது. தெருமுனை மாரியம்மன் கோயிலில் வேப்பிலைத் தோரணம் கட்டி, மைக் செட் வைத்துவிட்டார்கள். எனக்கு யோசனை உதித்தது அந்த லவுட் ஸ்பீக்கர் அலறலில்தான். மறுநாள் காலை தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, அத்தை முன்னால் போய் நின்றேன். "அத்தை, அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். இனிமே வெறும் சோறு, தயிரு, உப்பு, வேக வெச்ச காய். தாளிப்பு, சாம்பாரு, ரசம் எதுவும் தொட மாட்டேன்" என்றேன்.

மருமகளை ஆயிரம் குறை சொல்லலாம், அம்மனுக்கு நேர்ந்ததை யார் குறை சொல்ல முடியும்? அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. எதிர் வீட்டு அக்கா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்குவதுதான் பெரிய விரதமாக இருந்தது.

என் வயிறு அடங்கிவிட்டது! சில நாட்களிலேயே வலி நின்றது. அப்புறம் பசி வந்தது, நிஜமான பசி. படியேறினால் மூச்சு வாங்கவில்லை. கடையில் முழு நாளும் நின்றேன். "பாத்தியா, அம்மன் கண்ணத் தொறந்துட்டா" என்று அத்தை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். கணவரும், "இப்பவாச்சும் கண்டத தின்னாம இருக்காளே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உடம்பு தேறியது, பெயர் தேறவில்லை. நான் பேக்கரியை விட்டதால்தான் குணமாயிற்று என்று அல்லவா ஆகிவிட்டது?

ஆகவே எது என்னைக் கெடுத்தது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும். அதற்கும் அம்மனைத்தான் கூப்பிட்டேன். "அத்தை, அம்மன் கனவுல வந்தா. புளி சேத்துக்கலாம்னு சொன்னா."

அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "புளியா? கனவுல வந்து புளின்னா சொன்னா?"

"ஆமா அத்தை."

"பழைய புளியா, புதுப் புளியா?"

"அதெல்லாம் சொல்லல."

புளி ஒத்துக்கொண்டது. கொஞ்ச நாள் விட்டு மறுபடி கனவு வந்து மிளகாய்த்தூள் அனுமதி கிடைத்தது. அதுவும் ஒத்துக்கொண்டது. அப்புறம் துவரம்பருப்பு. "ஒவ்வொரு சாமானா யோசிச்சு யோசிச்சு சொல்றாளே, இந்தம்மாவுக்கு வேற வேல இல்லையா?" என்று அத்தை அம்மன் படத்தைப் பார்த்தே கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி மடித்தேன்.

பருப்பும் தேறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ பலாப்பழம் கொடுத்தார்கள். சுளை சுளையாக விழுங்கி வைத்தேன். வயிறு கடமுடா என்றது. இது நோயில்லை, வெறும் பேராசை. ஆனால் அத்தை நான் வயிற்றைத் தடவியதைப் பார்த்துவிட்டார். அடுத்த நிமிஷம் மோர் டம்ளர் வந்தது. "இது சாப்பாடு இல்ல, மருந்து. வெரதத்துக்கு ஒண்ணும் ஆகாது. குடி" என்றார். குடித்தேன்.

மறுநாள் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பழைய வலி, பழைய ஓட்டம், எல்லாம் வட்டியோடு திரும்பியது. பாயில் சுருண்டு படுத்துக்கொண்டே யோசித்தேன். பலாப்பழம் முன்னாலும் தின்றிருக்கிறேன், இப்படி ஆனதில்லை. மோர் தினமும் குடிக்கிறேன், உப்பும் போட்டுக்கொள்கிறேன். புதிதாக உள்ளே போனது ஒன்றுதான். கொஞ்சம் தெம்பு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்ப் பெருங்காய டப்பாவை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எறும்பு எழுத்தில் இங்கிலீஷில் இருந்தது. பெருங்காயம், கோந்து, கோதுமை மாவு.

ரொட்டியில் தேடினோம், பிஸ்கெட்டில் தேடினோம். சாம்பாரிலும் ரசத்திலும் தினமும் விழுந்துகொண்டிருந்ததைத் தேடவில்லை. அது போதாதென்று வலி வரும்போதெல்லாம் மருந்தாக வேறு குடித்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் மோரைக் கடையும் அந்தக் கைகள் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னாடி படிக்கற டப்பாவ?" அத்தை பின்னால் நின்றிருந்தார்.

சுலபமான வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அம்மன் பெருங்காயத்தை மட்டும் ஆயுசுக்கும் விட்டுவிடச் சொன்னாள் என்று ஒரு கனவு போதும். யார் மனமும் நோகாது. நான் மட்டும் கடைசி வரை பேக்கரித் திருடியாகவே இருப்பேன். அம்மன் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இதுல கோதுமை மாவு இருக்கு அத்தை" என்று வந்துவிட்டது.

அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. டப்பாவை வாங்கி, "எங்க, காட்டு" என்றார். நான் விரலை வைத்துக் காட்டினேன். அந்த எழுத்தைக் கண்ணுக்கு வெகு பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். மோர்ச் சட்டியைப் பார்த்தார்.

"அப்ப வயித்த வலின்னு நீ சொன்னப்பல்லாம் நான்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப நீ நெஜமாவே பேக்கரிக்குப் போகல" என்றார்.

"போகல அத்தை."

எத்தனையோ தடவை சொன்னதுதான். கேட்பவர் நம்பியது இப்போதுதான்.

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கனவுல மளிகக் கட லிஸ்ட்டோட வரும்போதே எனக்கு சந்தேகம். என்கிட்ட வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னாடி? அம்மன எதுக்கு நடுவுல இழுத்த? நான் என்ன அவ்ளோ பொல்லாதவளா?"

"சாப்பாட்டுலதான் ஏதோ இருக்குன்னு சொல்லியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்களா?"

அத்தை டப்பாவைக் கையில் உருட்டிக்கொண்டே உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"மாட்டேன்" என்றார். "நல்லா திட்டியிருப்பேன். திட்டிக்கிட்டே ஒவ்வொரு சாமானா நிறுத்தியிருப்பேன்."