பன்னிரண்டு கழுத்துகள்

என் கேக் பொம்மைகளில் பல் குத்தும் குச்சியே கிடையாது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவள் நான். கழுத்தையும் தலையையும் தாங்க உள்ளே எதையாவது செருகத்தான் வேண்டும். நான் வேகவைக்காத ஸ்பகெட்டி நூடுல்ஸ் துண்டைச் செருகுவேன். குழந்தை கடித்தால் நொறுங்கிவிடும். குச்சி வைக்கிறவர்களைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை.

அந்த ஜூலைச் சனிக்கிழமை, டில்லி கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் பன்னிரண்டு கப்கேக். பையனுக்கு நாலு வயது நிறைகிறது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு நீளக் கழுத்து டைனோசர் உட்கார வேண்டுமாம். டில்லியில் மழை பிடித்துக்கொண்டால் ஃபாண்டன்ட் என்கிற அந்தச் சர்க்கரை மாவு காயவே காயாது. முனிர்காவில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டில் விசிறிக்கு நேரே வைத்திருந்தேன். பத்து நிமிர்ந்து நின்றன. இரண்டு மட்டும் தூங்கி வழிந்தன. ஸ்பகெட்டியே நமத்துப்போயிருந்தது. காயும்வரைதானே, அனுப்புமுன் உருவிவிடலாம் என்று அந்த இரண்டுக்கும் பல் குத்தும் குச்சியைச் செருகினேன்.

பார்சல் எடுக்க வந்த டெலிவரி ஆள் கீழே ஹாரனை விடவே இல்லை. அவசர அவசரமாக உருவி, துளையைப் பூசி, டப்பாவை மூடிக் கொடுத்தேன். அரை மணி கழித்து மேஜையைத் துடைக்கும்போது பச்சைப் பிசுக்கோடு குச்சி கிடந்தது. ஒன்றே ஒன்று. மேஜைக்கு அடியில், குப்பைக்கூடையில், என் துப்பட்டாவில் எல்லாம் தேடினேன். இன்னொன்றைக் காணோம்.

ஐந்து முறை போன் செய்தேன். அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

"கடிச்சா குழந்தையே துப்பிடும். ஒண்ணும் ஆகாது, விடு" என்றார் கணவர், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல். அந்த லேப்டாப்பை மாடியிலிருந்து வீசினால் என்ன என்றிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

"பையா, ஜல்தி" என்று ஆட்டோக்காரரை எத்தனை தடவை அவசரப்படுத்தினேனோ தெரியாது. தேங்கிய மழைத்தண்ணீரில் வண்டிகள் நகரவே இல்லை. நாலு வயதுத் தொண்டையில் குச்சி மாட்டினால் என்ன ஆகும் என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் பயத்திலும் ஒரு பொய்யை ஜோடித்துக்கொண்டிருந்தேன். கலர் சரியில்லை, மாற்றித் தருகிறேன் என்று டைனோசர்களை மட்டும் வாங்கி வந்துவிடலாம். அந்த அம்மா எங்கள் தமிழ்ப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறவர். குச்சி என்று தெரிந்தால் என் பிழைப்பில் மண் விழும்.

கதவு திறந்திருந்தது. உள்ளே பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது.

"அடடே, நீங்களே வந்துட்டீங்களா! வாங்க, வாங்க" என்றார் பையனின் அம்மா.

"இல்லீங்க, அந்தக் கலர்..." என்று ஆரம்பித்தேன். அவருக்குப் பின்னால், காகிதக் கிரீடம் வைத்த பையன் டைனோசரின் தலையை வாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தான்.

"கடிக்காத! உள்ள குச்சி இருக்கு!"

டில்லியில் பிறந்த பிள்ளை, என் தமிழ் புரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கடித்தான்.

"ருகோ! மத் காவோ! அந்தர் லக்டி ஹை!" என்று இந்தியில் அலறினேன். யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

பையன் அப்படியே வாயைப் பிளந்து நின்றான். அவன் அம்மா விரலை விட்டுப் பச்சை மாவை வழித்தெடுத்தார். வாயில் குச்சி இல்லை. அவன் கையில் மிச்சமிருந்த கழுத்திலிருந்து அது துருத்திக்கொண்டிருந்தது. நுனியில் பல் பதிந்திருந்தது.

"என் தப்புதாங்க. காயறதுக்கு வெச்சேன், எடுக்க மறந்துட்டேன்."

"நீங்கதானே சொன்னீங்க, குச்சியே வைக்க மாட்டேன்னு?"

என்னை நம்ப எனக்கே பயமாக இருந்ததால், மற்ற பதினொன்றையும் குழந்தைகள் அழ அழப் பிட்டுப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. யாரும் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அது நியாயம்தான்.

குழுவில் ஏதாவது எழுதுவார் என்று நாள்கணக்கில் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் வரவில்லை. மறு ஜூலையில் அவரே அழைத்தார்.

"இந்த வருஷமும் டைனோசர்தான் வேணும்னு அடம் பிடிக்கிறான்" என்றார். "கழுத்தே இல்லாத டைனோசர் ஏதாவது இருக்கா?"

"இருக்குங்க" என்றேன்.