வால் ஊன்றாத மரங்கொத்தி

வசந்தா டீச்சர் போய்விட்டார் என்று அவர் தம்பி போனில் சொன்னபோது, உளுந்தூர்பேட்டை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். "மாரடைப்புங்க சார், காலையில" என்றார். பையில் எங்கள் புத்தகத்தின் மாதிரி அட்டை இருந்தது. அவருக்குத் தெரியாமல் நான் மாற்றிய அட்டை. வந்த பஸ்ஸில் ஏறி, அது வேறு ஊர் பஸ் என்று இறங்கி, மறுபடி நின்றேன்.

எங்கள் பள்ளியில் அவர் விலங்கியல், நான் வரலாறு என்பது இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். இருநூறு வருடத்துக்கு முந்தைய படங்களில் மரங்கொத்தியை எப்படி வரைந்தார்கள் என்பதுதான் புத்தகம். கப்பலில் சீமைக்குப் போன காய்ந்த தோலை வைத்து, பறவையை உயிரோடு காணாதவர்கள் வரைந்த படங்கள் அதில் பல. காக்கை மாதிரி கிளைக்குக் குறுக்கே உட்கார்ந்திருக்கும். வால் சும்மா தொங்கும். அந்தத் தப்புகளை டீச்சர் தனி நோட்டில் சேர்த்து வைத்தார். "செத்தத பாத்து வரைஞ்சவன் வேற, இருக்கறத பாத்து வரைஞ்சவன் வேற சார்" என்பார்.

கல்வராயன் மலையில் ஒருமுறை, மரமேறும் பொன்முதுகு மரங்கொத்தியைக் காட்டினார். என்ன நிறம் என்று வியந்தேன். "நெறத்த வுடுங்க. வால மரத்துல ஊனிக்கினு நிக்குது பாருங்க. வெரலு முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு" என்றார். கழுத்து வலிக்கிறது என்றேன். "வரலாறு வாத்தியாருன்னா கீழயே பாத்துக்கினு இருக்கணுமா?" என்று சிரித்தார்.

சண்டை அட்டையில் வந்தது. வெள்ளைக்காரர் ஒருவருக்காக நம் நாட்டு ஓவியர் யாரோ வரைந்த, பெயரில்லாத படம் ஒன்று. நிறம் மங்கி, ஓரம் பூச்சி அரித்தது. வாலும் விரலும் மட்டும் அச்சு அசல். அதைத்தான் போடவேண்டும் என்றார். நான் பளபளப்பான சீமைப் படத்தைக் கேட்டேன்.

"இன்னா சார், தப்புன்னு உள்ள எழுதிட்டு வெளிய அதையே ஒட்டுவீங்களா?"

"வாங்கறவன் வெரலையா எண்ணப் போறான்?" என்று கத்திவிட்டேன்.

மூன்று வாரம் பேசவில்லை. அதற்குள் நான் கேட்ட சீமைப் படத்தையே அச்சகத்தில் கொடுத்தேன். புத்தகம் வந்தபின் சமாதானம் ஆகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

எலவனாசூர்கோட்டையில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், அஞ்சலி பேனருக்குத் தம்பி போட்டோ கேட்டார். என் போனில் இருந்தது ஒன்றுதான். தலை கலைந்து, மரத்தில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி மேலே பார்க்கும் டீச்சர்.

"இது வேணாங்க சார். தலைய மட்டும் எடுத்து, பட்டுப்பொடவ கட்டின ஒடம்புல வெச்சு, கும்பிட்டுக்கினு இருக்கற மாரி கடையிலயே பண்ணித் தருவாங்க" என்றார் அழுதுகொண்டே.

"வேணாம் தம்பி. அக்கா இருந்த மாரியே போடுங்க" என்றேன். கூடவே கடைக்குப் போய், படம் அச்சாகிற வரை நின்றேன். அங்கிருந்தே அச்சகத்துக்குப் போன் செய்து அட்டையை நிறுத்தினேன்.

டீச்சர் கேட்ட படத்தோடுதான் புத்தகம் வரும். நான் செய்ததை அறியாமலே அவர் போனதால், மன்னிக்க ஆளில்லை. அவரிடமிருந்து எனக்கென்று தங்கியது ஒரு நிம்மதியின்மைதான்: பார்த்ததைத்தான் சொல்கிறேனா என்று என்னையே கேட்டுத் துளைக்கிறேன். இந்த அஞ்சலியை நாலு முறை எழுதினேன். முதல் மூன்றில் நாங்கள் சண்டையே போடவில்லை.