சின்ன கிட்டாருக்கு ஒரு ஜிக்

அண்ணனுக்கு கிட்டார் செய்யத் தெரியும், வாசிக்கத் தெரியாது. பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட பட்டறை அவனுடையது. எனக்கு வைட்ஃபீல்டில் வேலை. சனி ஞாயிறில் மட்டும் அவனோடு மரம் இழைப்பேன். யார் வந்தாலும், "இது கம்ப்யூட்டர் தட்டுற கை, இவனுக்கு இதெல்லாம் ஆகாது" என்பான். ஒருநாள் நான் வளைத்த பலகையை, கிட்டார் வாங்க வந்தவர்கள் முன்னாலேயே எடுத்து, "அடுப்புக்காச்சும் ஆகும்" என்று மூலையில் எறிந்தான். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பத்து வயதான அவன் மகள், பள்ளி ஆண்டு விழாவில் வாசிக்க ஒரு சின்ன கிட்டார் கேட்டாள். பெரிய கிட்டாருக்கு, குறுக்குக் கம்பிகள் பதிக்கப் பள்ளம் வெட்டிய பலகை கடையில் கிடைக்கும். இந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. ரம்பம் அலையாமல் அந்தந்த இடத்தில் வெட்ட, அண்ணன் பிளைவுட்டில் ஒரு ஜிக், அதாவது ரம்பத்துக்கு வழிகாட்டும் சட்டம், செய்தான். அளவெல்லாம் கழுத்தின் மேல்முனையிலிருந்தே எடுக்க வேண்டும். அவனோ ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததற்கு என்று அளந்துகொண்டே போனான். அப்படிச் செய்தால் நூலளவு பிசகு ஒவ்வொன்றாகச் சேரும், சுதியும் தப்பும். அவன் டீ குடிக்கப் போனபோது ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது பள்ளம் மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருந்தது.

பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் இருந்தது எனக்கு.

"என்னடா பாக்குற, கத்துக்கோ" என்றபடி வந்தான்.

"சக்கத்தா இருக்குண்ணா, சூப்பர்" என்றேன்.

கிட்டார் முடிந்ததும், போனில் ஆப் வைத்து ஆறு தந்திகளுக்கும் சுதி சேர்த்து மகளிடம் கொடுத்தான். விரல் வைக்காதவரை சரியாக ஒலித்தது. விரல் ஏற ஏற அபசுரம்.

"காது செவிடா உனக்கு? ஒழுங்கா அழுத்து!" என்று கத்தினான். அவள் அழுத்தினாள். ஒரு வாரத்தில் விரல்நுனியெல்லாம் கன்றிப்போயிற்று. வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் நான் பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தேன். விழாவில் நாலு பேர் முன்னால் அவன் தலைகுனிய வேண்டும், அதைப் பார்க்க வேண்டும். இப்போது சொல்லக் கூசுகிறது. அன்று இனித்தது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவளே பெயர் கொடுத்ததை வாபஸ் வாங்கிவிட்டாள். பட்டறைக்கு வந்து என்னிடம் கேட்டாள்: "சித்தப்பா, எனக்கு மியூசிக்கே வராதுன்னு அப்பா சொல்றாரு. நெஜமாவா?"

அண்ணன் உள்ளேதான் இருந்தான்.

"எல்லாருக்கும் எல்லாம் வராதும்மா" என்றேன்.

அப்பா சொன்னதை அவள் முழுதாக நம்பியிருக்கவில்லை. நான் சொன்னதும் நம்பிவிட்டாள்.