எண்ணெய் நக்கும் நாய்

குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். அருவிக்குப் பக்கத்துப் பூங்காவில் என் நாயை அவிழ்த்தே விட்டிருந்தேன். ஆட்களின் காலில் வழியும் எண்ணெயை அது நக்கும். எல்லாரும் சிரிப்பார்கள்.

ஒரு சாரல் நாளில் ஆலங்குளத்துப் பெண் ஒருத்தி, உடம்பெல்லாம் எண்ணெயோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நாய் அவளிடம் பாய்ந்து போனது.

"ஓடாதீய தாயி, அது எண்ணெயத்தான் நக்கும்" என்றேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

அவள் பயந்து ஓடினாள். எண்ணெய்க் கால் கல்லில் வழுக்கியது. பிள்ளை தரையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி விழுந்தாள். முழங்கை முறிந்துவிட்டது.

பின்னால் வந்த அவள் புருஷன் என்னை அடிக்கக் கை ஓங்கினான்.

"விடுங்க, பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல" என்று அவனைத் தடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அதக் கட்டிப் போடுங்க அண்ணாச்சி" என்றாள்.

தோளில் கிடந்த துண்டால் நாயைக் கட்டினேன். அவள் வைதிருந்தால் நானும் பதிலுக்கு வைதுவிட்டு மறந்திருப்பேன்.