ஒரு எட்டை விழுங்கிய நிபுணர்

இன்று காலை பிள்ளையார்பாளையத்தில் என் மானம் போனது.

பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வசந்தி, "லினக்ஸ் ஆன் ஆவறதுக்கே ரொம்ப நேரமாவுதுண்ணா" என்றாள்.

எந்த டிஸ்க்கிலிருந்து எழ வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு எண் சொல்லும் பூட் வரியை நான் மாற்றி எழுதி, எழும்போது அது முதலில் படிக்கும் தொடக்க இமேஜையும் புதிதாக உருவாக்கி, "இப்பப் பாரு" என்றேன்.

கறுப்புத் திரை. டிஸ்க்கையே காணோம் என்றது. உள்ளே ஒரு முகூர்த்தப் புடவையின் டிசைன். அதை வாங்கிப்போக வந்த தறிக்காரர் வாசலில் நின்றிருந்தார்.

ஒரு மணி நேரம் வியர்த்தேன்.

நான் தாளில் குறித்திருந்த நீளமான டிஸ்க் எண்ணை, திரையில் நான் அடித்திருந்ததோடு ஒப்பிட்ட வசந்தி, "ண்ணா, இங்க ஒரு எட்டு வுட்டுட்டீங்களே" என்றாள்.

எட்டைச் சேர்த்ததும் கம்ப்யூட்டர் எழுந்தது.

"நாளெல்லாம் இழை எண்ணிக்கினு இருக்கிற கண்ணுண்ணா" என்று ஆறுதல் வேறு சொன்னாள்.

என் விசிட்டிங் கார்டில் 'லினக்ஸ் நிபுணர்' என்று இருக்கிறது. அதை அழிக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.