தொட்டிக்குள் எழும்பிய இமயமலை

அக்காவை டேராடூனுக்கு அனுப்பவே கூடாது என்பதில் அந்த வயதிலேயே நான் உறுதியாக இருந்தேன். அவள் போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னிவிடுவது? அவளோ நிலவியலில் பட்டம் வாங்கிய கையோடு, மலையைப் படிக்க மலைக்கே போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா ஒரே கேள்வியில் முடித்தார். "கல்ல படிக்க அம்மாந்தூரம் இன்னாத்துக்கு?"

அக்கா விடுவாளா! மீன் செத்துப்போன கண்ணாடித் தொட்டியில் மணலையும் கலர் கோலமாவையும் மாற்றி மாற்றிப் பரப்பினாள். ஒரு ஓரத்தில் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் வாங்கிய தகட்டைச் செருகினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தகட்டைத் தள்ளினால் இமயமலை எழும்புமாம். எழும்பினால் போகலாம் என்று அப்பாவும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஈர மணலில் மலை வராது என்று அக்காவே என்னிடம் உளறியிருந்தாள். ஞாயிறு விடியும்முன் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஓடிப்போய்ப் போர்த்திப் படுத்துக்கொண்டேன். எங்கள் எர்ணாவூரில் லாரித் தண்ணீரைக் குடம் குடமாக எண்ணி வைப்போம். எழுந்தபோது அம்மா வாசலில் நின்று, "ஒரு கொடம் காலியா கீதே, எவ எட்த்தா?" என்று தெருவையே ஏசிக்கொண்டிருந்தாள். நான் எடுத்தது சொம்புதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தொட்டி முழுக்கச் சேறு. அக்கா அழவில்லை. இரண்டு கையாலும் சேற்றை அள்ளி மொட்டைமாடியில் காயப்போட ஆரம்பித்தாள். அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு சைக்கிளில் போய் ஒரு மூட்டை காய்ந்த மணல் கொண்டுவந்து இறக்கினார். "இன்னொரு தபா போடு, கண்ணு."

இம்முறை தகட்டை அவரே தள்ளினார். மணல் சாய்வாக வெடித்து, ஒரு பாளம் இன்னொன்றின் மேல் ஏறியது. அந்த வெடிப்புதான் மேலும் பெரிதாகும் என்று நினைத்தேன். இல்லை. அதற்கு முன்னால், சமதரையில், புதிதாக ஒன்று வெடித்தது. அது பழைய மேட்டையும் முதுகில் சுமந்துகொண்டு எழும்பியது. அதற்கும் முன்னால் மூன்றாவது. மலைத்தொடர் இப்படி வரிசையாகத்தான் வளரும் என்றாள் அக்கா.

"புச்சா வர்றது பழச கீழ வுடாம தூக்கிக்கினு போவுதும்மா" என்றார் அப்பா. கண்ணில் மணல் விழுந்துவிட்டதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டார்.

அக்கா போனாள். கோணல் வகிடோடு பள்ளிக்குப் போய் நான் அழுதேன்.

ஒரு சொம்புத் தண்ணீரில் தொட்டி முழுக்க எப்படிச் சேறானது, அம்மாவின் ஒரு குடம் எங்கே போனது, அன்று விடிகாலையில் அப்பாவின் லுங்கி ஏன் முழங்கால் வரை நனைந்திருந்தது என்பதெல்லாம் அந்த வயதில் எனக்கு மூன்று வேறு வேறு விஷயங்கள்.