நூறு கிலோ வீடு

வளைகுடாவில் குடித்தனம் நடத்திய எல்லோருக்கும் எடை பார்க்கத் தெரியும். ஆனாலும் என் அம்மா அதில் ஒரு படி மேல். ஊருக்குப் போகும் லீவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கட்டிலுக்கு அடியிலிருந்து எடை மெஷின் வெளியே வந்துவிடும். அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி நிற்பாள். பிறகு பெட்டி இல்லாமல் ஏறி நிற்பாள். கழித்துப் பார்த்துவிட்டு, பால்பவுடர் டப்பாவை அந்தப் பெட்டியிலிருந்து எடுத்து இந்தப் பெட்டிக்கு மாற்றுவாள். விமான நிலையக் கவுன்டரில் எங்கள் பெட்டி ஏறினால் முள் முப்பதில் வந்து நிற்கும். முப்பதரை ஆனதே இல்லை. மீந்துபோன தைல பாட்டில்கள், சோப்பு, பேரீச்சம்பழம் எல்லாம் எங்கள் உடம்போடு வரும். மே மாத வெயிலில் பை வைத்த ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விமானம் ஏறிய பிள்ளைகள் நானும் என் தம்பியும்.

இப்படிப்பட்ட அம்மா, ஒரு சின்னக் கேரவனைக் காரில் மாட்டி இழுத்துக்கொண்டு போகும்போது எடை விஷயத்தில்தான் கோட்டைவிட்டாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மா அபுதாபியில் நர்ஸ். அப்பா ருவைஸில், சுத்திகரிப்பு ஆலையில், ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் டெக்னீஷியன். இரண்டுக்கும் நடுவே இருநூற்று நாற்பது கிலோமீட்டர். அப்பாவின் கேம்ப் அறையில் ஆறு பேர், மேலும் கீழுமாக மூன்று இரட்டைக் கட்டில்கள். நாங்கள் அபுதாபியில், ஒரு பிளாட்டின் ஹாலை பிளைவுட் பலகையால் தடுத்த ஒரு பாதியில் இருந்தோம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வியாழக்கிழமை டூட்டி முடித்து, பஸ் பிடித்து, அப்பா ராத்திரி வந்து சேருவார். வெள்ளிக்கிழமை மதியமே திரும்பக் கிளம்ப வேண்டும். பலகைக்கு அந்தப் பக்கம் இருந்த குடும்பம் தும்மினால்கூட எங்களுக்குக் கேட்கும் என்பதால் அந்த ஒரு நாளும் குசுகுசுவென்றே பேசினோம். அப்பாவுக்கு இயற்கையிலேயே குரல் அவ்வளவுதான் என்று தம்பி ரொம்ப நாள் நினைத்திருந்தான்.

நடுவழியில் மிர்ஃபா என்று ஒரு கடற்கரை ஊர் உண்டு. ருவைஸிலிருந்து அப்பா ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். அங்கே ஓட்டலில் அறை எடுக்க எங்களுக்கு வசதி இல்லை. கூடாரம் போட்டுத் தங்குவதை அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில்தான் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் வேலையை விட்டுத் தன் நாட்டுக்குக் கிளம்பினார். அவரிடம் இருந்த கேரவனைக் கிட்டத்தட்டச் சும்மாவே அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கேரவன் வாங்கியிருக்கிறேன் என்று அம்மா போனில் சொன்னதும் ஊரில் பெரியம்மா, "என்னட்டி, சினிமால நடிக்கப் போறியா?" என்று கேட்டாள். நடிகர்கள் உட்கார்ந்து மேக்கப் போடுகிற பஸ் அளவு வண்டியை அவள் மனதில் வைத்துக்கொண்டு பேசினாள். எங்களுடையது இரண்டு சக்கரத்தில் நின்ற ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே படுக்க ஒரு பலகை, மடக்கு மேஜை, கை கழுவ ஒரு தொட்டி, ஒற்றை அடுப்பு, பின்சுவரோடு ஒரு அலமாரி. ஏசி கிடையாது, குளிர் மாதங்களில் மட்டும்தான் அதில் படுக்க முடியும். ஆனால் எடை குறைவு. எங்கள் சின்னக் கார் இழுக்கக்கூடிய அளவுக்கே செய்தது போல இருந்தது.

இழுக்கப் போவது அம்மாதான். அப்பா லைசென்ஸ் டெஸ்டில் ஏழு முறை தோற்றவர். எட்டாவதுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அம்மா இரண்டாவது முறையிலேயே ஜெயித்துவிட்டாள், அந்தப் பெருமையை அப்பா இருக்கும்போது காட்டிக்கொள்ளாமலும் இருந்தாள்.

முசஃபாவில் ஒரு பட்டறையில் காருக்குப் பின்னால் கொக்கி வைத்தோம். மெக்கானிக் ஒரு பட்டாணியர், தாடியெல்லாம் இரும்புத் தூள். ஒரு பெண்பிள்ளை இதை இழுத்துப் போகிறாளா என்று முதலில் சிரித்தார். அம்மா சிரிக்காமல் நின்றதைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். பிறகு பொறுமையாகவே பாடம் எடுத்தார். "ஸௌ கிலோ, பஹன். உஸ்கே பாத் கலாஸ்" என்றார். நூறு கிலோ சாமான், அதற்குமேல் ஒன்றும் ஏற்றக் கூடாது. அதன்பின் சக்கரத்துக்கு மேலே தரையைத் தட்டிக் காட்டி, கனமானதெல்லாம் இங்கே என்றார். பின்பக்கம் போய் அலமாரியைத் தொட்டு, இங்கே வேண்டவே வேண்டாம் என்று கையை ஆட்டினார். அம்மாவும் தலையாட்டினாள். ஆனால் அவள் காதில் ஏறியது நூறு என்கிற எண் மட்டும்தான். எத்தனையோ வருடமாகப் பெட்டி கட்டியவளிடம், பெட்டிக்குள் எது எந்த மூலையில் இருக்கிறது என்று எந்த ஏர்லைன்ஸும் கேட்டதில்லை. எங்களுக்கு எடை என்றால் எத்தனை கிலோ என்பது மட்டும்தான்.

கிளம்பும் வியாழக்கிழமைக்கு முன்பு ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை என்று அப்பாவின் மூன்று ஆஃப்கள் தொடர்ந்து பறிபோயிருந்தன. அவரைப் பார்த்து ஏழு வாரம் ஆகிவிட்டது. தம்பி போனில் அப்பாவோடு பேச மாட்டேன் என்று முரண்டு பிடிக்க ஆரம்பித்திருந்தான். போனுக்குள் இருப்பவர் வேறு யாரோ என்று அவனுக்குச் சந்தேகம். அம்மா அதைக் கேட்ட அன்றைக்கே, இந்த வாரம் என்ன ஆனாலும் போகிறோம் என்று சொல்லிவிட்டாள்.

எடை மெஷின் வெளியே வந்தது. அரிசி, குக்கர், தண்ணீர்க் கேன்கள், காஸ் சிலிண்டர், ஐஸ் பெட்டியில் வஞ்சிரம் மீன், போர்வைகள், எல்லாம் ஏறி இறங்கின. தொண்ணூற்றொன்பது கிலோவில் அம்மா நிறுத்தினாள். அத்தனையையும் பின்பக்க அலமாரியிலேயே அடுக்கினாள். நடுத்தரை பளிச்சென்று காலியாக இருந்தது. அப்பா உள்ளே வந்ததும் கால் நீட்ட வசதியாக இருக்க வேண்டுமாம். காரில் மாட்டும் முன்பு கேரவனின் மூக்கை, அதாவது கொக்கியில் மாட்டும் முன்முனையை, ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாட்டி, பஞ்சு மாதிரி இருக்கு. நீ தூக்கு."

நானும் தூக்கினேன். ஒன்பது வயதுப் பிள்ளை தூக்கும்படி ஒரு வீட்டைக் கட்டிவிட்டோம் என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம். மூக்கு இவ்வளவு லேசாக இருந்தால் வால் எவ்வளவு கனமாக இருக்கும் என்று இருவருமே யோசிக்கவில்லை.

வழியில் தரீஃப் என்ற ஊரைத் தாண்டும்வரை எல்லாம் நன்றாகவே போனது. அம்மா ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலது ஓரமாக, எண்பதில் போனாள். பின்னால் தம்பி தூங்கிவிட்டான். அப்போது ஒரு பெரிய டிரெய்லர் லாரி எங்களைத் தாண்டிப் போனது. அது கிளப்பிய காற்றில் கேரவன் ஒருமுறை இடது பக்கம் நகர்ந்தது. பிறகு வலது பக்கம். பிறகு அதைவிட அதிகமாக இடது பக்கம். கண்ணாடியில் எங்கள் வெள்ளை வீடு ஒரு பக்கம் தெரியும், மறையும், மறு பக்கம் தெரியும். காரின் பின்பக்கத்தை யாரோ பிடித்துச் சுழற்றுவதுபோல இருந்தது. நான் "எம்மா" என்று கத்தினேன். பின்னால் வந்த லாரி ஹாரனை விடாமல் அடித்தது.

அம்மா பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சாய்வான பாதையில் ஸ்ட்ரெச்சர் தடுமாறினால் வெடுக்கென்று இழுத்து நிறுத்தக் கூடாது, கூடவே போய் அடக்க வேண்டும், அதைத்தான் செய்தேன் என்று பிற்பாடு சொன்னாள். வண்டி வேகம் குறைந்து, ஆட்டம் குறைந்து, ஓரத்து மணலில் போய் நின்றது.

நான் அழுதுகொண்டிருந்தேன். தம்பி விழித்து, காரணம் தெரியாமலேயே என்னோடு சேர்ந்து அழுதான். "வீட்டுக்குப் போவோம்மா" என்றேன்.

"எந்த வீட்டுக்கு?" என்றாள் அம்மா. கோபமாகத்தான் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய மொபைல் அடித்தது. அப்பா. மூன்றரை மணிக்கே மிர்ஃபாவில் வந்து இறங்கி, பெட்ரோல் பங்க் அருகில் நிற்கிறாராம். எங்கே வந்திருக்கிறோம் என்று கேட்டார்.

"தரீஃப் தாண்டியாச்சு. உங்க மவன் மூத்திரம் வருதுன்னான், நிறுத்தியிருக்கோம். கொஞ்சம் லேட்டாவும்" என்றாள் அம்மா, குரலில் ஒரு பிசிறில்லாமல். அப்பா பைய வரச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எதிரே கொஞ்ச தூரத்தில் அபுதாபிக்கே திரும்பிப் போகிற பாலம் தெரிந்தது. அம்மா அதை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எறங்குங்க ரெண்டு பேரும்" என்றாள்.

கேரவனுக்குப் பின்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் பிறந்தது கடலோரத்தில், மீன்பிடிக்கிற குடும்பத்தில். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பின்னால பாரம் ஏறுன வள்ளம் மாதிரில்லா ஆடியிருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த பாய் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நாந்தான் கேக்கல."

அலமாரியில் இருந்த அத்தனையும் வெளியே வந்தது. தொண்ணூற்றொன்பது கிலோவும் பாலைவனத்து ஓரத்தில் வரிசையாக நின்றது. ஒட்டகப் பண்ணை பிக்கப் ஒன்று வேகம் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. நாங்கள் அங்கேயே கடை போடப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள். தண்ணீர்க் கேன்களை நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம். சக்கரத்துக்கு மேலே, தரையில், கேன்கள், சிலிண்டர், அரிசி. அப்பா கால் நீட்ட வேண்டிய இடம் போயே போய்விட்டது. அலமாரியில் போர்வையும் தலையணையும் மட்டும். பிறகு சக்கரங்களுக்குக் கல் வைத்து, நிறுத்தும்போது மட்டும் மூக்கைத் தாங்குகிற குட்டி முன்சக்கரத்தை இறக்கி, கொக்கியைக் கழற்றி, மூக்கைத் தூக்கிப் பார்த்தாள். பாதிதான் தூக்க முடிந்தது.

"இன்னும் ஒரு கேன முன்னால தள்ளு" என்றாள்.

தள்ளினேன். மறுபடி குனிந்து தூக்கினாள். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, முன்சக்கரம் மண்ணைவிட்டு எழவில்லை. அம்மா நிமிர்ந்து திருப்தியாக மூச்சு விட்டாள். பஞ்சு மாதிரி இருந்தபோது சிரித்தவள், அசையாதபோதும் சிரித்தாள். அதைத் திரும்பக் கொக்கியில் மாட்ட நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் இன்னொரு கதையாகிவிடும்.

ரோட்டில் மறுபடி ஏறினோம். அடுத்த லாரி தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். கேரவன் லேசாகக் குலுங்கி, நல்ல பிள்ளையாக நேரே வந்தது. அடுத்த லாரிக்கும், அதற்கடுத்த லாரிக்கும் அம்மாவின் உதடுகள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தன, கால் மட்டும் எழுபதிலேயே நின்றது.

பெட்ரோல் பங்க் அருகில் அப்பா கோயிலுக்குக் கிளம்பியவர் போல இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். தம்பி அவரைப் பார்த்ததும் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அப்பா வற்புறுத்தவில்லை. "வண்டி ஓட்ட கஷ்டமா இருந்துச்சா?" என்று அம்மாவிடம் கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா. ஆமாம் என்று நானும் தலையாட்டினேன்.

கடற்கரையில் கேரவனைப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும். ஏழு முறை தோற்றவர் பின்னால் நின்று, "லெப்ட், லெப்ட், கொஞ்சம் ரைட்" என்று கையை ஆட்டினார். அம்மா லெப்டில் ஒடித்தால் கேரவன் ரைட்டில் போகும். நாலைந்து தடவை முயன்ற பிறகு கழற்றிவிட்டு, நாலு பேருமாகத் தள்ளினோம். லேசான வீடு என்பதன் அருமை அப்போதுதான் தெரிந்தது. தம்பி அப்பாவின் பக்கத்தில் நின்றுதான் தள்ளினான். அதை அம்மா கவனித்தாள் என்பதை நான் கவனித்தேன்.

கடலில் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அப்பா உள்ளே போனார். தண்ணீர்க் கேன்களைத் தாண்டித் தாண்டி நடந்து அடுப்பைத் திருகிப் பார்த்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பலகையில் உட்கார்ந்து எழுந்தார். அதன்பின் எங்கள் மூவரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"இப்பம் தட்டுங்க" என்று உள்ளிருந்து சொன்னார்.

தம்பி தட்டினான்.

"யாரது?"

"நாங்கதாம்பா!"

கதவு திறந்தது. "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்று அப்பா ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். நாங்கள் ஏறினோம். மூவரையும் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ" என்றார். இறங்கினோம். மறுபடி தட்டினோம், மறுபடி யாரது என்றார், மறுபடி வாங்க வாங்க என்றார். தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மூன்றாவது தடவையும் அதேதான். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நான் கேன் தூக்கியவள், கையெல்லாம் வலி, மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

"எனக்குப் பசிக்கிம்மா. எத்தன தடவதான் வெளையாடுறது?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை, மூடியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ரோட்டில்கூட இல்லாத ஒரு கலக்கம் அவள் முகத்தில் இருந்தது. "தட்டுட்டி" என்றாள். "அவிய போதுங்கிற வரைக்கும் தட்டு."

அப்பா பிள்ளை விளையாட்டு விளையாடுகிறார், அம்மாவும் அதற்கு ஒத்து ஊதுகிறாள் என்றே நினைத்தேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் ஒரு நாள்கூடத் தன் வீட்டுக்குள் இருந்து, வெளியே போய்விட்டு வருகிற பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கதவு திறந்துவிட்டதில்லை. எப்போதும் வெளியிலிருந்து வந்து, மறுநாள் வெளியே போகிறவராகவே இருந்தார். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நாலாவது தடவை நான் கையால் தட்டவில்லை, கோபத்தில் காலால் ஓர் உதை விட்டேன். உள்ளேயிருந்து, முதல் தடவை கேட்பது போலவே, "யாரது?" என்றார் அப்பா.